திக்குது, விக்குது, முக்குது

நான்காம் இயல் என்ன ஆயிற்று என்று துறைத் தோழர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விடை சொல்லிக் களைத்துவிட்டதால் இங்கே எழுதிவிடுகிறேன். நெறியாளர் அந்த இயலை மறுக்கவில்லை. சிறு திருத்தங்களோடு ஏற்றுக்கொண்டிருந்தார். நானே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். காரணத்தைச் சொல்ல எஞ்சின், பெட்ரோல், புகைக்குழல் பற்றியெல்லாம் சற்று விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது. மொழியியலார் பொறுத்துக்கொள்க, இயந்திரவியலார் பிழை கண்டால் திருத்துக. அப்பாவின் இசைவோடுதான் எழுதுகிறேன். யாருடைய பெயரையும் குறிப்பிடவில்லை.

என் ஆய்வு குமரி மாவட்டத்து இருசக்கர வாகனப் பட்டறைகளின் பேச்சைப் பற்றியது. மார்த்தாண்டத்தில் அப்பாவுக்கு ஒரு பட்டறை உண்டு. பள்ளிவிட்டு வந்ததும் அங்கேதான் வீட்டுப்பாடம் எழுதுவேன். ஆகவே தரவு திரட்டுவது எனக்கு எளிதாக இருந்தது. எளிதாக இருந்ததே பின்னால் வினையாயிற்று. உறுப்புப் பெயர்கள் சிக்கல் தரவில்லை. ஜெட்டு, நீடில், புளோட்டு, சோக்கு எல்லாம் கடன்சொற்கள். சுட்டுபொருளைக் கையில் எடுத்துக் காட்டிவிடலாம். எஞ்சினின் நடத்தையைச் சொல்லும் வினைகளிலேதான் தடுமாறினேன். வண்டி திக்குகிறது, விக்குகிறது, முக்குகிறது, இரைக்கிறது, அதற்கு மூச்சு முட்டுகிறது. எல்லாமே மனித உடலிலிருந்து எடுத்த சொற்கள்.

இவற்றுக்குப் பொருள் வரையறுக்க நான் கையாண்ட முறை இது. பழுதுள்ள வண்டிகளின் ஒலியைப் பதிவு செய்தேன். 12 பதிவுகளைத் தேர்ந்து, 9 பட்டறைகளில் ஹெட்போன் மாட்டிக் கேட்கச் செய்து, 'இந்த வண்டிக்கு என்ன?' என்று வினவினேன். ஒரே பதிவை ஒருவர் திக்குது என்றார், மற்றவர் விக்குது என்றார். அப்பாவே காலையில் ஒன்றும் மாலையில் வேறொன்றும் சொன்னார். எனவே, 'இவை நிலைத்த சுட்டுபொருள் அற்றவை. பேசுவோரின் மனப்பதிவை மட்டுமே சார்ந்தவை' என்று எழுதினேன். அந்தத் தொடரை இப்போது படிக்கக் கூசுகிறது.

அப்பாவின் தொழில் தளர்ந்துகொண்டிருந்த காலம் அது. தமிழ்நாட்டுச் சாலைகளுக்கு எரிபொருளை மின்னணு முறையில் பீய்ச்சும் வண்டி புதிதன்று. ஹீரோ ஹோண்டாவின் கிளாமர் எஃப்ஐ 2006-இலேயே வந்துவிட்டது. ஆனால் 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 நடைமுறைக்கு வந்த பிறகு, புதிய வண்டிகளில் கார்புரேட்டர் அநேகமாக மறைந்தேபோயிற்று. காற்றையும் பெட்ரோலையும் திருகாணியால் சமன்செய்து பழகிய கைக்கு வேலை குறைந்துவிட்டது. அப்பா இதைப் பெரிதாகப் புலம்பியதில்லை. ஒருமுறை மட்டும், 'உள்ள என்ன நடக்குண்ணு அந்தப் பெட்டிக்குத்தான் தெரியும்' என்றார்.

நான் ஓட்டுவது 2012-இல் செய்த ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 500. பழைய வண்டியாக வாங்கியது. 499 சிசி, ஒற்றைச் சிலிண்டர், காற்றாலேயே குளிரும் எஞ்சின். நிறுவனம் சொல்லும் ஆற்றல் 27.2 குதிரைத்திறன். கார்புரேட்டர் இல்லை. மார்த்தாண்டத்துக்கும் காரியவட்டம் வளாகத்துக்குமாக வாரந்தோறும் அதில்தான் போய்வருகிறேன். கடந்த சில காலமாக ஒரு தொல்லை. களியக்காவிளை நெரிசலில் ஆக்சிலரேட்டரைச் சற்றே திறந்தால் வண்டி ஒரு கணம் தயங்கிப் பிறகு துள்ளும். விட்டுவிட்டால் சைலன்சரில் படபடவென வெடிக்கும். அப்பா ஒரு சுற்றுப் போய்வந்து சொன்னார்: 'மக்களே, இது திக்குது. காத்து கூடுதலாக்கும். ஆனா எனக்குத் திருகதுக்கு ஒரு ஸ்குரூ கூட வைக்கல்லியே இவனுவ.'

காற்று ஏன் கூடியது என்பதற்கு விடை பெட்ரோல் பங்கில் இருந்தது. தூய பெட்ரோல் முழுமையாக எரிய அதன் எடையைப்போல் ஏறத்தாழ 14.7 மடங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 மடங்கே போதும். இன்று நாம் நிரப்புவது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். அதற்கு விகிதம் 13.5-ஐ ஒட்டி இறங்கிவிடுகிறது. 2012-இல் பிறந்த கணிப்பெட்டிக்கு இந்தச் செய்தி எட்டவில்லை. பழைய கணக்கிலேயே அளந்து பீய்ச்சினால், எரிபொருள் குறைந்து காற்று மிகும். முந்தைய உரிமையாளர் வேறு சைலன்சர் மாட்டியிருந்தது இன்னொரு காரணம். (அதைக் கழற்றிக் கம்பெனி சைலன்சரையே திரும்ப மாட்டிவிட்டேன். வண்டியின் மூல வடிவத்தை மாற்றக்கூடாது என்று 2019 சனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு கேரளத்திலிருந்து போன வழக்கில் வந்ததே. இங்கே அதைப் பற்றி விளையாட முடியாது.)

கழக்கூட்டத்துக்கு அருகே ஒருவர் டைனோ வைத்திருக்கிறார் என்று துறையில் ஒரு மாணவர் சொன்னார். போனேன். முதல் நாள் என் வண்டியை அவர் தொடவில்லை. உருளைமேல் வேறொரு வண்டி கட்டப்பட்டிருந்தது: யமஹா ராப்டர் 700. நான்கு பருத்த சக்கரங்கள், கைப்பிடி, இருக்கை. குவாட் என்பார்களே, அது. சாலைக்குரிய பதிவு இல்லாத வண்டி. உரிமையாளர் தம் ரப்பர்த் தோட்டத்துக்குள் மட்டும் ஓட்டுகிறாராம். நான் அன்று முழுவதும் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் நான்காம் இயல் இடியத் தொடங்கியது அங்கேதான்.

அந்தச் சேட்டன் பல்லாண்டுகள் சார்ஜாவில் குவாட் வண்டிகளுக்கே டியூனிங் செய்து திரும்பியவர். விளையாட்டுக் குவாட்டுகளுக்கு எரிபொருள் பீய்ச்சும் முறை வந்தது 2006 வாக்கில். ராப்டர் 700, சுசுகியின் எல்டி-ஆர் 450 இரண்டும் அந்த ஆண்டின் மாதிரிகள். மாசு விதிகளுக்காக ஆலையிலேயே எரிபொருளைச் சிக்கனமாக வைத்து அனுப்புவார்கள். வாங்கியவர் புகைக்குழலையும் காற்றுப் பெட்டியையும் மாற்றுவார். காற்று தாராளமாக நுழையும். எரிபொருள் பழைய அளவிலேயே நிற்கும். பாலைவன மணலில் இது விளையாட்டன்று. மணற்குன்றின்மேல் ஏறும்போது மணல் சக்கரத்தைப் பிடித்து இழுக்கும். முழுத் திறப்பிலேயே எஞ்சின் நெடுநேரம் உழைக்க வேண்டும். எரிபொருள் குறைந்தால் பிஸ்டன் உருகும். இதனால் பவர் கமாண்டர் போன்ற வெளிக்கட்டுப்பாட்டுப் பெட்டிகளுக்கு அங்கே நல்ல சந்தை உண்டாயிற்று.

அந்தப் பெட்டி செய்யும் வேலை நம் துறையினருக்கு உடனே விளங்கக்கூடியது. வண்டியின் கணிப்பெட்டி, ஆக்சிலரேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது, எஞ்சின் எவ்வளவு வேகத்தில் சுழல்கிறது, காற்றின் அழுத்தமும் வெப்பமும் என்ன என்பவற்றைப் பார்த்து, இன்ஜெக்டர் எத்தனை மில்லிநொடி திறந்திருக்க வேண்டும் என்று ஆணையிடுகிறது. வெளிப்பெட்டி அந்த ஆணைக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவே உட்காருகிறது. ஆணையை மாற்றுவதில்லை, அதன் கால அளவை நீட்டும் அல்லது குறைக்கும். தொல்காப்பியர் மாத்திரைக்குக் கண்ணிமையையும் கைந்நொடியையும் அளவாகச் சொன்னார். இங்கே அளவு மில்லிநொடி. குறில் நெடிலாகிறது, நெடில் அளபெடுக்கிறது. நான் இதைச் சொன்னபோது சேட்டன் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

குவாட்டை டைனோவில் ஏற்றுவது இருசக்கர வண்டியைப்போல் எளிதன்று. அதன் டயர்களில் வழக்கமாகச் சில பவுண்டு அழுத்தமே இருக்கும். அப்படியே ஓட்டினால் உருளைமேல் டயர் நெளிந்து, ஆற்றலின் ஒரு பகுதி டயரைச் சூடாக்குவதிலேயே போய்விடும். ஒரே வண்டி ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு எண்ணைத் தரும். எனவே காற்றை ஏற்றி இறுக்கி, மணல் டயர் இருந்தால் கழற்றி வழுவழுப்பான டயர் போட்டு, நான்கு பக்கமும் பட்டை போட்டுக் கட்டுகிறார்கள். உருளையின் நிறை தெரியும். சக்கரம் அதை எவ்வளவு விரைவாகச் சுழலவைக்கிறது என்று பார்த்தால் ஆற்றல் தெரிந்துவிடும். இது ஒரு முறை. இன்னொரு முறையில், உருளையை மின்காந்தத் தடையால் பிடித்து, எஞ்சினை ஒரே வேகத்தில் நிறுத்திவைத்து, ஒவ்வொரு திறப்பிலும் கலவையைப் பார்க்கலாம். டியூனிங் என்பது பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான். விளம்பரங்களில் வரும் குதிரைத்திறன் வளைகோடு முதலாவதிலிருந்து வருவது.

அந்த வளைகோட்டிலும் நம் ஊர்க் காற்று கலந்திருக்கிறது. திருவனந்தபுரத்தில் 30 பாகை வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் இருக்கிற நாளில், காற்றழுத்தத்தில் ஏறத்தாழ 3.4 கிலோபாஸ்கல் வெறும் நீராவிக்கு உரியது. எஞ்சினுக்கு அது பயன்படாது. அதனால் எண்களை எஸ்ஏஇ தரத்தின்படி 25 பாகை வெப்பம், 99 கிலோபாஸ்கல் உலர்காற்று என்ற நிலைக்குத் திருத்தித்தான் காட்டுகிறார்கள். மழைக்கு முந்தைய பிற்பகலில் ஊரே மூச்சு முட்டி இருக்கும்போது எஞ்சினுக்கும் அப்படித்தான் என்பதை அந்தத் திருத்த எண் ஒப்புக்கொள்கிறது.

இனி, நடந்தது. சேட்டன் குவாட்டின்மேல் உட்கார்ந்து வலக்கைப் பெருவிரலால் திராட்டிலை மெல்லத் திறந்தார். எஞ்சின் ஒருமுறை இடறிற்று. திரை அவருக்கு முதுகுப்புறம் இருந்தது. திரும்பாமலேயே உதவியாளனிடம் ஒரு கட்டத்தைச் சொன்னார்: 5 விழுக்காட்டுத் திறப்பு, 3500 சுழற்சி, எரிபொருளைக் கொஞ்சம் கூட்டு. பிறகுதான் திரையைப் பார்த்தார். சரியாகவே இருந்தது. ஓசையைக் கேட்டே எப்படிச் சொன்னீர்கள் என்றேன். 'ஒச்ச மாத்ரமல்ல. திராட்டில் எத்ர திறந்நு என்னு என்டெ கைக்கு அறியாமல்லோ' என்றார்.

ஓசை மட்டுமன்று; எவ்வளவு திறந்தேன் என்பது என் கைக்குத் தெரியுமே.

நான் ஹெட்போனில் கேட்கவைத்த 12 பதிவுகளும் நினைவுக்கு வந்தன. அவற்றில் கை இல்லை. திறப்பு எவ்வளவு, ஏற்றமா சமதளமா, எஞ்சின் சூடா குளிரா என்ற சூழல் எதுவும் இல்லை. ஓர் ஒலியைச் சூழலிலிருந்து வெட்டியெடுத்துத் தந்துவிட்டு, அது எந்த ஒலியனுக்குரியது என்று கேட்பதை முதலாண்டு மாணவர்கூடச் செய்யமாட்டார். 'திக்குது' என்பது ஓர் ஓசையின் பெயராக இல்லாமல், கை கேட்டதற்கும் எஞ்சின் கொடுத்ததற்கும் இடையிலுள்ள உறவின் பெயராக இருந்தால்? அப்படியானால் மெக்கானிக்குகள் முரண்பட்டதற்குக் காரணம் அவர்களின் சொல் அன்று, என் வினா.

அன்று சேட்டன் அடிக்கடி சொன்ன இன்னொரு சொல் 'வலிவு போரா'. இழுவை போதவில்லை என்பதே பொருள். மலையாளத்தில் வலிவு என்பது மூச்சிரைப்பு நோய்க்கும் பெயர். தமிழில் இழுப்பு அப்படியே. வெவ்வேறு வேர்கள், ஒரே பொருட்பாதை. இது தனிக் கட்டுரைக்குரியது; இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

அடுத்த மாதம் அப்பாவை வரச்சொன்னேன். பஸ்ஸில் வந்தார், கல்யாணத்துக்குப் போடும் வெள்ளைச் சட்டையில். சேட்டன் அவரை 'ஆசானே' என்று அழைத்து நாற்காலி போட்டார். திரைக்கு முதுகு காட்டி அப்பா உட்கார்ந்தார். ஒவ்வொரு திறப்பையும் சேட்டன் உரக்கச் சொல்லுவார். அப்பா தமக்குத் தோன்றும் சொல்லைச் சொல்லுவார், தோன்றாவிட்டால் பேசாமல் இருப்பார். நான் இரண்டையும் பதிவு செய்து, பின்னால் புகைக்குழல் உணரியின் பதிவோடு நேரம் பொருத்திப் பார்ப்பேன். என் வண்டிக்கான அட்டவணையில் 500 முதல் 5500 சுழற்சி வரை 250-க்கு ஒன்றாக 21 வரிசைகள். திறப்புக்கு 9 நிரல்கள். ஆக 189 கட்டங்கள். காற்றால் குளிரும் எஞ்சினை நெடுநேரம் நிறுத்திவைத்து ஓட்ட முடியாது. இரண்டு பெரிய மின்விசிறிகளை முன்னால் வைத்தும், ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் ஆறவிட வேண்டியிருந்தது. அந்த இடைவெளிகளில் அப்பாவும் சேட்டனும் பழைய மிக்கார்ப் கார்புரேட்டரைப் பற்றி இரு மொழிகளில் பேசிக்கொண்டார்கள். ஒருவருக்கும் மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

கலவையை லாம்டா என்னும் அளவில் பார்க்கிறார்கள். 1 என்றால் எரிபொருளும் காற்றும் சரிக்குச் சரி. 1-க்கு மேல் காற்று மிகை, கீழே எரிபொருள் மிகை. எத்தனால் கலந்தாலும் இந்தக் கணக்கு மாறாது என்பதால் இதுவே வசதி.

முதலில் நிறுவனத்தின் ஆயத்த அட்டவணை ஒன்றை ஏற்றினார்கள். 2 விழுக்காட்டுத் திறப்பு, 1750 சுழற்சி. உணரி 1.07 காட்டியது: காற்று மிகை. அப்பா சொன்னார், 'விக்குது. பெட்ரோலு கூடுதல்.' நேர்மாறு. என் குறிப்பேட்டில் தவறு என்று குறித்தேன். மறைப்பானேன், ஒரு சிறு நிறைவுகூட எனக்கு வந்தது. இயல் பிழைத்துவிட்டது என்ற நிறைவு. அடுத்த மூன்று கட்டங்களிலும் அவ்வாறே: உணரி காற்று என்றது, அப்பா பெட்ரோல் என்றார்.

சேட்டன்தான் ஐயப்பட்டார். எஞ்சினை நிறுத்தி ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். கரி அப்பிக் கறுத்திருந்தது. எரிபொருள் மிகையான பிளக். உணரிக்குரிய குழாயை அவர் சைலன்சரின் வாலில் செருகியிருந்தார். ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் தாழ்ந்த வேகத்தில் புகையை விட்டுவிட்டுத் துடிப்பாகத்தான் வெளித்தள்ளும். இரு துடிப்புகளுக்கு இடையே வெளிக்காற்று வால்வழியே உள்ளே நுழைந்துவிடும். உணரி மோந்தது எங்கள் அறையின் காற்றை. புகைக்குழலில், சிலிண்டர் தலைக்கு அருகே துளையிட்டுப் பற்றவைத்த இடத்தில் உணரியைத் திருகிப் பார்த்தபோது எண் 0.81. அப்பா அதற்குள் டீ குடிக்கப் போயிருந்தார். திரும்பி வந்ததும் சொன்னேன். 'அதாக்குமே நான் சொன்னது' என்றார். அவருக்கு அது ஒரு செய்தியாகவே படவில்லை.

அதன் பிறகு நிதானமாக நடந்தது. காலளவுத் திறப்பு வரையுள்ள கட்டங்களில் அப்பா சொன்ன நாற்பதுக்குச் சற்று மேற்பட்ட சொற்களையும் எண்களோடு ஒப்பிட்டேன். மெல்லத் திறக்கும்போது காற்று மிகுந்து எஞ்சின் பின்தங்கினால் திக்குது. திறப்பை மாற்றாமல் பிடித்திருக்க, எரிபொருள் மிகுந்து இடையிடையே ஒரு வெடிப்புத் தவறினால் விக்குது. திறப்பைக் கூட்டிய பிறகும் வேகம் ஏறாமல் ஓசை மட்டும் கனத்தால் முக்குது. மூன்றும் வெவ்வேறு, சிலவற்றைத் தவிர ஒன்றின் இடத்தில் ஒன்று வரவில்லை. வண்டியிலேயே ஆலையில் பொருத்திய ஆக்சிஜன் உணரியால் இந்த வேறுபாட்டைச் செய்ய முடியாது. அது இருமைக் கருவி: ஏறத்தாழ 0.45 வோல்ட்டுக்கு மேல் என்றால் எரிபொருள் மிகை, கீழே என்றால் காற்று மிகை, அவ்வளவே. யாக்கப்சனும் ஃபான்ட்டும் ஹாலேயும் 1952-இல் ஒலிக்கூறுகளை இருமை எதிர்வுகளாக வகுத்ததைப் படிக்கும்போது, படிநிலைகள் எங்கே போயின என்று நான் கேட்டதுண்டு. என் வண்டியின் கணிப்பெட்டியும் அந்தப் பள்ளியைச் சேர்ந்ததுதான்.

அந்த உணரியால் இன்னொரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. குவாட்டில் அது இல்லை. வெளிப்பெட்டி சொன்னதே இறுதி. என் வண்டியில், சீராகச் செல்லும்போது கணிப்பெட்டி உணரியைக் கேட்டுத் தன் ஆணையைத் தானே திருத்திக்கொள்ளும். வெளிப்பெட்டி எரிபொருளைக் கூட்டினால், உணரி மிகை என்று சொல்ல, கணிப்பெட்டி அதே அளவைக் குறைத்துவிடும். சிலர் உணரியைப் பிடுங்கிவிட்டுப் பொய்க்குறிகை தரும் ஒரு சிறு கருவியை மாட்டுவார்கள். சேட்டன் அதைச் செய்யவில்லை. உணரி கட்டுப்படுத்தும் கட்டங்களை அப்படியே விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் தொட்டார். எனக்கும் அதுவே சரியென்று பட்டது. புகைச் சோதனைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை நான்தானே போக வேண்டும்.

மாலை நான்கு மணிக்கு முழுத் திறப்பு. இதற்குள் எனக்கு அப்பாவின் காதில் முழு நம்பிக்கை வந்திருந்தது. ஆயத்த அட்டவணையின் கடைசி நிரல், 4500 சுழற்சி. ஓசை கூர்மையாக, துப்புரவாக, அறையெங்கும் நிறைந்தது. அப்பா தொடையில் தட்டினார். 'இப்பத்தான் வண்டிக்கு ஜீவன் வந்திருக்கு!' அதே கணத்தில் சேட்டன் திராட்டிலை மூடி எஞ்சினை நிறுத்தினார். திரையில் 1.01.

முழுத் திறப்பில் இத்தகைய எஞ்சினுக்கு 0.86, 0.88 என்ற அளவில் எரிபொருள் வேண்டும். எரியாமல் எஞ்சும் எரிபொருளே ஆவியாகும்போது சிலிண்டரைக் குளிர்விக்கிறது. 1.01-இலும் 0.87-இலும் கிடைக்கும் ஆற்றலுக்கு இடையே சில விழுக்காடே வேறுபாடு. காதுக்கும் கைக்கும் அது எட்டாது. ஓசையோ காற்று மிகும்போது இன்னும் தெளிவாகவே கேட்கும். எட்டுவது வெப்பம் மட்டுமே. அதுவும் பிஸ்டன் பிடித்த பிறகு. சேட்டன் இதை அப்பாவுக்கு மிகப் பணிவாகச் சொன்னார். சார்ஜாவில் தாமே இப்படி இரண்டு குவாட் எஞ்சின்களைத் தொடக்கத்தில் இழந்ததாகவும் சொன்னார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அன்று அவர் எந்தச் சொல்லும் சொல்லவில்லை. என் பதிவில் கடைசி ஒரு மணிநேரம் எஞ்சின் ஓசை மட்டுமே இருக்கிறது.

திரும்பும்போது என் பின்னால் உட்கார்ந்து வந்தார். பாறசாலை தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தச் சொன்னார். டீ ஆறிய பிறகு பேசினார். 1998-இல் ஒரு பள்ளி ஆசிரியரின் புல்லட் 350-ஐ அவர் முழுதாகப் பிரித்துக் கட்டிக் கொடுத்தார். ஆசிரியர் மைலேஜ் வேண்டும் என்று கேட்டதால், ஓர் எண் குறைந்த மெயின் ஜெட்டைப் போட்டார். ஓட்டிப் பார்த்தார், வண்டி பறந்தது. ஜீவன் வந்திருந்தது. மறுவாரம் ஆசிரியர் திருநெல்வேலியிலிருந்து திரும்பும் வழியில், ஆரல்வாய்மொழிக் கணவாயில், ஆடிமாத எதிர்காற்றில் முழுத் திறப்பில் போய்க்கொண்டிருந்தபோது பிஸ்டன் பிடித்துப் பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. ஆசிரியருக்குத் தோளெலும்பு முறிந்தது. பட்டறையில் அப்போது பதினேழு வயதுப் பையன் ஒருவன் வேலை கற்றுக்கொண்டிருந்தான். எஞ்சினில் எண்ணெய் ஊற்றியது அவன். எண்ணெயைச் சரியாக விடவில்லை என்று சொல்லி, ஆட்கள் முன்னிலையில் அவனை அடித்துத் துரத்தினார் அப்பா.

'எண்ணெ இருந்திருக்கும்' என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

இதற்குப் பின் நான் மீண்டும் 9 பட்டறைகளுக்கும் போனேன். இம்முறை ஹெட்போன் இல்லாமல், வண்டியோடு. முழுத் திறப்பில் காற்று மிகுந்து, ஆனால் எஞ்சின் இன்னும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் நிலைக்கு என்ன சொல் என்று கேட்டேன். பிடிச்சுப்போச்சு, ஜாமாயிற்று, சீஸ் ஆகிவிட்டது என்று நடந்துமுடிந்ததற்குச் சொற்கள் பல கிடைத்தன. நடக்குமுன் உள்ள நிலைக்கு ஒரு சொல்லும் கிடைக்கவில்லை. இருவர் அப்பா சொன்னதையே சொன்னார்கள்: நல்லா இழுக்குது. நான்காம் இயல் இந்த வெற்றிடத்திலிருந்து மறுபடி எழுதப்படுகிறது. ஆகவே காலநீட்டிப்பு கேட்டிருக்கிறேன். உதவித்தொகை அலுவலகத்தின் முகத்தை நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள்.

போன ஞாயிறு அப்பா, குழித்துறை வரை போகலாம் வா என்றார். அந்தப் பையன் இப்போது அங்கே டயர்க் கடை வைத்திருக்கிறார். நாற்பத்தைந்து வயதை ஒட்டியவர். எங்களைக் கண்டதும் எழுந்து கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, 'வாங்க ஆசானே' என்றார். இருவரும் மழையைப் பற்றியும் ரப்பர் விலையைப் பற்றியும் பேசினார்கள். எனக்குக் கால் வலித்தது. பிறகு அப்பா, 'அந்த வாத்தியாரு வண்டிக்கு நீ அண்ணைக்கு எண்ணெ விட்டிருந்தேல்லா?' என்றார்.

'விட்டிருந்தேன் ஆசானே.'

'ம். ஜெட்டு நான் கொறச்சுப் போட்டதாக்கும். இப்பத்தான் தெரிஞ்சுது.'

அவர் கையிலிருந்த டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினார். குமிழி வருகிறதா என்று பார்ப்பதுபோல் சற்று நேரம் குனிந்தே இருந்தார். பிறகு நிமிர்ந்து, 'எத்தன எண்ணு கொறச்சீங்க?' என்று கேட்டார்.